காலம் அறிந்து பேசுவோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் திருப்பலி முடிந்து, கோவில் முற்றத்து வேப்பமரத்தடியில் மக்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தனர். எங்கள் பங்கைச் சேர்ந்த இளம் செவிலி ஒருத்தி தன் தாயுடன் என்னை நாடி வந்தாள். அவள் கையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது.

"சார், வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறேன். இதைக் கொஞ்சம் பார்த்துத் திருத்தித் தருவீர்களா?" என்றாள்.

பணிநேரம் முடிந்து வீடு திரும்பும் செவிலி, அடுத்துப் பொறுப்பேற்கும் செவிலிக்கு நோயாளியின் நிலையை எழுதி ஒப்படைப்பதுபோல் அமைந்த பயிற்சி அது. மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம் எல்லாம் செவ்வையாக இருந்தன. ஆனால் ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. 'தி பேஷன்ட் ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்று எழுதியிருந்தாள்.

"காய்ச்சல் இப்போது விட்டுவிட்டதா, அம்மா?" என்று கேட்டேன்.

"இல்லை சார், இன்னும் இருக்கிறது. அதனால்தானே எழுதியிருக்கிறேன்!"

"நீ எழுதியிருக்கும் வரியைப் படிப்பவர், மூன்று நாள் இருந்த காய்ச்சல் போய்விட்டது என்றல்லவா எண்ணிக்கொள்வார்?"

பெண்ணின் முகம் வாடியது. அருகே நின்ற தாய், "இவளுக்கு இங்கிலீஷ் வராது சார். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ் மீடியம்" என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவரைப்போல.

பிள்ளையின் பிழையைவிட அந்தத் தாயின் சொல்லே என் மனத்தை உறுத்தியது. ஆகவே பெண்ணிடம், "இதையே தமிழில் சொல்" என்றேன். "மூன்று நாளாகக் காய்ச்சல் இருக்கிறது" என்றாள், தயங்காமல். "மூன்று நாள் காய்ச்சல் இருந்தது என்று ஏன் சொல்லவில்லை?" என்றேன். "அப்படிச் சொன்னால் விட்டுவிட்டது என்று ஆகிவிடுமே, சார்!" என்றாள். சொல்லி முடிக்குமுன்பே அவள் முகத்தில் தெளிவு பிறந்தது.

அன்பார்ந்த வாசகர்களே, இக்கட்டுரை சொல்ல விழைவது இவ்வளவுதான். ஆங்கில வினைச்சொற்களில் நாம் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை அறிவின்மையால் விளைபவை அல்ல. தாய்மொழியின் நெறியை நாம் உண்மையோடு பின்பற்றுவதால் விளைபவை அவை. எந்த இடத்தில் இரு மொழிகளின் பாதைகளும் பிரிகின்றன என்று அறிந்துகொண்டால், பிழை தானே விலகும். அறியாமல் விட்டால், நோயாளியின் காய்ச்சலைக்கூட நாம் எழுத்தில் போக்கிவிடுவோம்!

மூன்று காலமும் பன்னிரண்டு வாய்பாடும்

தமிழில் காலம் மூன்று. செய்தான், செய்கிறான், செய்வான் என்று வினையின் நடுவே நிற்கும் ஓர் இடைநிலையே காலத்தைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலப் பள்ளி இலக்கணமோ இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னும் மூன்றையும் ஒவ்வொன்றும் நான்கு வகையாக விரித்து, பன்னிரண்டு வாய்பாடுகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறது. மாணவன் அப்பன்னிரண்டையும் மனப்பாடம் செய்கிறான். தேர்விலும் ஒப்பிக்கிறான். ஆனால் வாயைத் திறந்து பேச வேண்டிய நேரத்தில் எதை எடுப்பது என்று அறியாமல் தவிக்கிறான்.

காரணம் என்ன? இரண்டு கேள்விகள் அவனுக்குப் பிரித்துச் சொல்லப்படவில்லை. செயல் எப்போது நிகழ்ந்தது என்பது முதற்கேள்வி. அச்செயல் முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்தும் அதன் பயன் இன்னும் நிற்கிறதா என்பது இரண்டாம் கேள்வி. இவ்விரண்டும் தமிழிலும் உண்டு. 'வந்தேன்', 'வந்துகொண்டிருந்தேன்', 'வந்திருக்கிறேன்' என்று நாம் சொல்வதில்லையா? 'கொண்டிரு', 'இரு' ஆகிய துணைவினைகள் செய்யும் பணியையே ஆங்கிலத்தில் 'பீ', 'ஹேவ்' ஆகிய துணைவினைகள் செய்கின்றன. ஆயினும் எல்லா இடத்திலும் இவை ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்துவதில்லை. அந்த வேறுபாடுகளில் நாம் அடிக்கடி தடுமாறும் சிலவற்றை இனிக் காண்போம்.

'முதல்' என்பதும் 'ஆக' என்பதும்

'ஐ ஆம் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்று நம்மவர் பலர் கூறக் கேட்டிருப்போம். 'பத்து ஆண்டுகளாக நான் இங்கே இருக்கிறேன்' என்னும் தமிழ்த் தொடரின் நேர் நிழல் அது. தமிழில் 'இருக்கிறேன்' என்னும் நிகழ்காலம் பொருந்துகிறது, ஆங்கிலத்தில் பொருந்துவதில்லை. முன்பு தொடங்கி இன்றுவரை நீளும் நிலையைச் சொல்ல ஆங்கிலம் 'ஹேவ் பீன்' என்னும் வடிவத்தைக் கேட்கிறது. 'ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பதே செம்மை. அந்தச் செவிலிப் பெண் எழுத வேண்டியிருந்ததும் 'ஹேஸ் ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்பதே. ஒரே ஒரு 'ஹேஸ்' சேர்ந்ததும், போன காய்ச்சல் திரும்பி வந்துவிடுகிறது!

இனி, 'சின்ஸ்' எங்கே, 'ஃபார்' எங்கே? இதற்கும் தமிழிலேயே விடை உண்டு. 'திங்கட்கிழமை முதல்', 'உயிர்ப்புப் பெருவிழா முதல்', '2019 முதல்' என்று தொடங்கிய இடத்தைச் சுட்டினால் 'சின்ஸ்'. 'மூன்று நாளாக', 'பத்து ஆண்டுகளாக' என்று நீளத்தை அளந்தால் 'ஃபார்'. 'சின்ஸ் த்ரீ டேஸ்' என்பது 'மூன்று நாள் முதல் காய்ச்சல்' என்பதுபோல் ஒலிக்கும். தமிழ்க்காது அதை ஏற்குமா? ஏற்காதன்றோ! ஆங்கிலக்காதும் அவ்வாறே.

நேற்றைக்கு 'ஹேவ்' ஆகாது

'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட மற்றொரு பிழை. 'ஹேவ்' சேர்த்தால் சற்று மரியாதையாகவும் படித்தவர் பேச்சாகவும் தோன்றுகிறது போலும்! ஆனால் ஆங்கிலத்தில் 'நேற்று', 'சென்ற வாரம்', 'இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு', '1985இல்' என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால், அங்கே 'ஹேவ்' நுழைய இடமில்லை. 'ஐ சா ஹிம் எஸ்டர்டே' என்று எளிய இறந்தகாலமே வர வேண்டும். 'ஹேவ்' என்பது இன்றைய நாளோடு கட்டப்பட்ட கயிறு. நேற்று என்று சொன்ன கணமே அக்கயிறு அறுந்துவிடுகிறது.

இங்கும் நம்மைத் தடுமாறச் செய்வது தமிழின் வளமே. காலையில் எழுந்து கதவைத் திறக்கிறோம். முற்றம் நனைந்திருக்கிறது. 'இரவு மழை பெய்திருக்கிறது' என்கிறோம். மழையை நாம் பார்க்கவில்லை. ஈரத்தைக் கண்டு ஊகிக்கிறோம். நேரில் காணாத ஒன்றை அடையாளத்தால் உய்த்துணர்ந்து கூறவும் தமிழில் 'இருக்கிறது' பயன்படுகிறது. இதை 'இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்று பெயர்த்தால் ஆங்கிலம் பிழைபடும். நாம் ஊகிக்கிறோம் என்பதைக் காட்ட அம்மொழி வேறொரு வழியை வைத்திருக்கிறது. 'இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்பது அது. 'பெய்திருக்க வேண்டும்' என்று நாமும் சொல்வதுண்டல்லவா?

'ஹேவ்' என்பது எவ்வளவு நுட்பமான செய்தியைத் தாங்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 'மை ஃபாதர் ஹேஸ் கான் டு வேளாங்கண்ணி' என்றால் தந்தையார் புறப்பட்டுப் போய்விட்டார், இன்னும் திரும்பவில்லை என்று பொருள். 'மை ஃபாதர் ஹேஸ் பீன் டு வேளாங்கண்ணி' என்றால், அவர் எப்போதோ ஒருமுறை போய் வந்திருக்கிறார், இப்போது அங்கில்லை என்று பொருள். வாசலில் வந்து நிற்பவர் 'அப்பா இருக்கிறாரா?' என்று கேட்கும்போது, பிள்ளை இவ்விரண்டில் எதைச் சொல்கிறான் என்பதைப் பொறுத்தே அவர் உள்ளே வந்து அமர்வதும் வந்த வழியே திரும்புவதும் இருக்கிறது.

நிலையும் செயலும்

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நோயிங் ஹிம்' என்றெல்லாம் 'இங்' சேர்த்துப் பேசும் வழக்கம் நம்மிடம் மிகுதி. தமிழில் 'எழுதுகிறேன்' என்பதும் 'அறிகிறேன்' என்பதும் ஒரே வாய்பாடு. ஆங்கிலமோ இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. தொடங்கி, நடந்து, முடியக்கூடியது செயல். தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரியாமல் நிற்பது நிலை. அறிதல், நம்புதல், விரும்புதல், உடைமையாகப் பெற்றிருத்தல் ஆகியவை நிலைகள். இவற்றோடு 'இங்' பொதுவாக ஒட்டுவதில்லை.

ஆங்கிலத் திருப்பலியில் விசுவாச அறிக்கை 'ஐ பிலீவ்' என்றே தொடங்குகிறது. 'ஐ ஆம் பிலீவிங்' என்று ஒருவரும் சொல்வதில்லை. ஏன்? விசுவாசம் என்பது இந்த ஐந்து நிமிடம் நடந்துகொண்டிருந்து பிறகு நின்றுவிடும் வேலையன்று. கோவிலுக்குள்ளும் வெளியிலும், விழித்திருக்கும்போதும் உறங்கும்போதும் நிலைத்து நிற்பது அது. இலக்கணம் இங்கே நமக்கு மறைக்கல்வியும் புகட்டுகிறது எனலாம்.

ஒரே சொல் நிலையாகவும் செயலாகவும் வருவதுண்டு. 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' என்பதில் 'ஹேவ்' நிலை. 'வீ ஆர் ஹேவிங் லன்ச்' என்பதில் அது உண்ணுதலாகிய செயல். ஆகவே பின்னதில் 'இங்' வருவது முறையே. சொல்லைப் பார்த்து மட்டுமன்று, பொருளைப் பார்த்தும் முடிவு செய்ய வேண்டும்.

வழக்கத்தைச் சொல்லும்போதும் 'இங்' வேண்டா. 'ஐ ஆம் கோயிங் டு சர்ச் எவரி சண்டே' என்பது தவறு. 'ஐ கோ டு சர்ச் எவரி சண்டே' என்பதே சரி. 'அவர் நாள்தோறும் திருப்பலிக்கு வருவார்' என்று தமிழில் எதிர்கால வடிவத்தால் வழக்கத்தைச் சொல்கிறோம். அதையே 'ஹீ வில் கம் டெய்லி' என்று பெயர்த்தால், நாளையிலிருந்து வரப்போகிறார் என்று கேட்பவர் நினைக்கக்கூடும். 'ஹீ கம்ஸ் டெய்லி' என்றால் போதும். 'அந்தக் காலத்தில் பாட்டி எங்களுக்குக் கதை சொல்லுவாள்' என்பதில் பாட்டியும் அந்தக் காலமும் போய்விட்டாலும் வினை எதிர்கால வடிவிலேயே நிற்கிறது! இதற்கு ஆங்கிலம் 'யூஸ்ட் டு' என்பதை வைத்திருக்கிறது. 'கிராண்ட்மதர் யூஸ்ட் டு டெல் அஸ் ஸ்டோரீஸ்' என்க. இவ்வடிவம் பழைய வழக்கத்துக்கு மட்டுமே உரியது. இன்றைய வழக்கத்தை 'ஐ யூஸ் டு கோ டெய்லி' என்று சொல்வது நம் நாட்டில் பரவலாக வழங்கும் பிழை.

இறந்தகாலம் ஒருமுறை போதும்

'ஐ டிட் நாட் வென்ட்', 'டிட் யூ சா?' என்று குழந்தைகள் சொல்லும்போது பெற்றோர் சிரிக்கின்றனர். சிரிக்குமுன் குழந்தையின் சங்கடத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 'வரவில்லை' என்னும் தமிழ்ச்சொல்லில் காலம் எங்கே இருக்கிறது? 'நேற்று வரவில்லை', 'இன்னும் வரவில்லை', 'இன்று நான் வரவில்லை' என்று எல்லாவற்றுக்கும் அது பொருந்துகிறது. 'இல்லை' என்பது காலம் காட்டாத சொல். ஆங்கிலத்திலோ இம்மூன்றும் வெவ்வேறு: 'டிட் நாட் கம்', 'ஹேஸ் நாட் கம்', 'ஆம் நாட் கமிங்'. தன் தாய்மொழியில் ஒரே சொல்லாக இருப்பதை மூன்றாகப் பிரித்தறியக் குழந்தை கற்றுக்கொள்கிறது. அது சிறிய வேலையன்று.

இதற்கு ஓர் எளிய விதி உண்டு. இறந்தகாலக் குறி ஒரு வினைத்தொடரில் ஒருமுறைதான் ஏறும். 'டிட்' வந்துவிட்டால் குறியை அது சுமந்துகொள்கிறது. பின்வரும் வினைக்கு அந்தச் சுமை வேண்டியதில்லை. அது தன் இயல்பான வடிவில் நிற்கலாம். 'டிட் நாட் கோ', 'டிட் யூ சீ?' என்று சொன்னால் போதும். சிலுவையை ஒருவர் சுமக்கும்போது மற்றவர் கைவீசி நடப்பதுபோல என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. பிள்ளைகள் சிரித்தாலும் விதியை மறப்பதில்லை.

கிடந்தவரும் கிடத்தியவரும்

ஆங்கிலேயர்களே தடுமாறும் ஓர் இடம் உண்டு. 'லை', 'லே' ஆகிய இரட்டை வினைகள் அவை. நமக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தன்வினை, பிறவினை என்னும் பாகுபாட்டை நம் தமிழாசிரியர்கள் பள்ளியிலேயே கற்பித்திருக்கிறார்கள்.

கிட என்பது தன்வினை. கிடத்து என்பது பிறவினை. ஆங்கிலத்தில் 'லை' என்பது கிடத்தல். 'லே' என்பது கிடத்துதல். எழு, எழுப்பு என்னும் இணைக்கு 'ரைஸ்', 'ரெய்ஸ்' என்பன நேர். அமர், அமர்த்து என்பதற்கு 'சிட்', 'சீட்' என்பன நேர். விழு, வீழ்த்து என்னும் இணைக்கும் ஆங்கிலத்தில் ஈடுண்டு: மரம் விழுந்தால் 'ஃபால்', மரத்தை வெட்டி வீழ்த்தினால் 'ஃபெல்'.

குழப்பம் எங்கே பிறக்கிறது? 'லை' என்பதன் இறந்தகாலம் 'லே'. அஃதாவது கிடந்தது என்பதும் கிடத்து என்பதும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி, ஒரே எழுத்து. கிடத்தினாள் என்பதற்கோ 'லெய்ட்' என்று வேறு வடிவம். பெத்லகேம் குடிலை மனத்தில் நிறுத்துங்கள். மரியன்னை குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்தினார்: அது 'லெய்ட்'. குழந்தை அங்கே கிடந்தது: அது 'லே'. கிறிஸ்து பிறப்புக் குடிலை நினைக்கும்போதெல்லாம் இவ்விரு சொற்களும் நினைவுக்கு வந்தால், இப்பிழை நம்மை அணுகாது. பொய் சொல்லுதலைக் குறிக்கும் 'லை' வேறு. அதன் இறந்தகாலம் 'லைட்' என வழுவின்றி வரும்.

எழுதலும் எழுப்புதலும் நம் விசுவாசத்தின் நடுவிலேயே இருக்கின்றன. இறந்து நான்கு நாளான இலாசர் தானாக எழவில்லை. ஆண்டவர் அவரை எழுப்பினார். ஆகவே அங்கே 'ரெய்ஸ்ட்' என்னும் பிறவினை வருகிறது. ஆண்டவரின் உயிர்ப்பைப் புதிய ஏற்பாடு இருவகையாகவும் கூறுகிறது. அவர் உயிர்த்தெழுந்தார் என்கிறது. தந்தையாகிய கடவுள் அவரை எழுப்பினார் என்றும் சொல்கிறது. முன்னது 'ரோஸ்', 'ரிஸன்', பின்னது 'ரெய்ஸ்ட்'. உயிர்ப்பு நாளில் ஆங்கிலத்தில் 'ஈஸ் ரிஸன்' என்று சொல்லக் கேட்டு, 'ஹேஸ் ரிஸன்' அன்றோ சரி என்று ஐயுற்றவர்கள் என்னிடம் கேட்டதுண்டு. இரண்டும் சரியே. போதல், வருதல், எழுதல் போன்ற வினைகளோடு பழைய ஆங்கிலத்தில் 'ஹேவ்' என்பதற்குப் பதிலாக 'பீ' துணைவினையாக வந்தது. அப்பழைய மரபு வழிபாட்டு மொழியில் இன்னும் உயிரோடு நிற்கிறது. எழுந்தார் என்னும் செய்தியோடு, இன்றும் எழுந்தவராகவே இருக்கிறார் என்னும் பொருளும் அதில் ஒலிக்கிறது.

மற்றோர் இணையையும் இங்கே சொல்லிவிடலாம். 'ஹேங்' என்பதற்கு இறந்தகாலம் இரண்டு. சுவரில் படத்தை மாட்டினால் 'ஹங்'. மனிதர் தூக்கில் இறந்தால் 'ஹேங்ட்'. யூதாசைப் பற்றிப் பேசும்போது வர வேண்டியது பின்னதே.

'ஆல்' என்று சொன்னால்

'அவர் வந்தால் சொல்லுவேன்' என்பதை 'இஃப் ஹீ வில் கம், ஐ வில் டெல் ஹிம்' என்று பெயர்ப்பவர் உண்டு. வருவது இனிமேல்தானே, ஆகவே 'வில்' வேண்டுமல்லவா என்பது அவர் வாதம். ஆனால் நம் 'வந்தால்' என்னும் சொல்லையே பாருங்கள். அதில் எதிர்காலம் எங்கே? 'வந்தான்' என்பதில் உள்ள அதே 'வந்து' வடிவமன்றோ அங்கே நிற்கிறது! நிபந்தனை என்று வந்துவிட்டால், தமிழும் எதிர்கால வடிவத்தை விட்டுவிடுகிறது, ஆங்கிலமும் விட்டுவிடுகிறது. 'இஃப் ஹீ கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்' என்பதே முறை. 'வென்', 'ஆஃப்டர்', 'அன்டில்' ஆகியவை எதிர்வரும் காலத்தைச் சுட்டும்போதும் இதே விதி.

நடவாமற்போன ஒன்றை எண்ணி வருந்தும்போது, 'அவர் வந்திருந்தால் சொல்லியிருப்பேன்' என்கிறோம். 'வந்திருந்தால்' என்பதற்கு 'ஹேட் கம்'. 'சொல்லியிருப்பேன்' என்பதற்கு 'வுட் ஹேவ் டோல்ட்'. முதற்பகுதியிலும் 'வுட்' சேர்ப்பது எழுத்து வழக்கில் பிழையாகக் கொள்ளப்படும்.

வாழ்த்தின் இலக்கணம்

ஒரு மறைக்கல்வி மாணவி என்னிடம் கேட்ட கேள்வி இன்றும் நினைவில் இருக்கிறது. "காட் என்பது ஒருமை. அப்படியானால் 'காட் பிளெஸ்ஸஸ் யூ' என்றுதானே வர வேண்டும்? ஏன் எல்லாரும் 'காட் பிளெஸ் யூ' என்கிறார்கள்?"

எவ்வளவு கூரிய கேள்வி! 'பிளெஸ்ஸஸ்' என்றால் கடவுள் ஆசி அளிக்கிறார் என்னும் செய்தி. 'பிளெஸ்' என்றால் ஆசி அளிப்பாராக என்னும் வேண்டுதல். நம் இலக்கணத்தில் இதற்கு வியங்கோள் என்று பெயர். வாழ்க, வருக, ஒழிக என்பவை வியங்கோள் வினைமுற்றுகள். ஆண், பெண், ஒருமை, பன்மை, தன்மை, படர்க்கை என்று எதற்கும் அவை உருமாறுவதில்லை. 'அவன் வாழ்க', 'அவர்கள் வாழ்க', 'நாம் வாழ்க' என்று எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். ஆங்கிலத்தின் வேண்டுதல் வடிவமும் அப்படியே, 'எஸ்' ஏற்காமல் நிற்கிறது.

ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது உற்றுக் கேளுங்கள். இறையரசைப் பற்றிய வேண்டுதலில் 'கம்' என்றே வருகிறது. 'கம்ஸ்' என்று வருவதில்லை. அடுத்த வேண்டுதலில் 'ஈஸ்' வருவதில்லை, 'பீ' வருகிறது. தமிழ்ச் செபத்தின் 'வருக' என்னும் வியங்கோளுக்கு நேரான வடிவங்கள் இவை. எத்தனையோ ஆண்டுகளாக நம் உதடுகள் பழகிய இலக்கணம் இது. அதற்குப் பெயர் உண்டென்பதை மட்டும் நாம் அறியாதிருந்தோம்.

அந்நியர் நம் மொழி கற்ற விதம்

வேற்று மொழியைக் கற்கும்போது தடுமாறுவது நமக்கு மட்டும் நேர்ந்த சிறுமையன்று. போர்ச்சுகல் நாட்டு இயேசுசபைக் குருவான அண்டிரிக்கு அடிகளார், 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்து, மீனவ மக்களிடையே வாழ்ந்து தமிழ் பயின்றார். தம் நாட்டவர் கற்பதற்காகத் தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் ஓர் இலக்கணமும் வரைந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தமிழில் ஆக்கித் தந்த நூலே. 1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், நாம் இங்கே பேசிய இறந்தகாலம், வியங்கோள், பிறவினை முதலியவற்றையெல்லாம் அயலவராக இருந்து கற்றவர். கற்றதோடு நில்லாமல் 'தொன்னூல் விளக்கம்' என்னும் இலக்கண நூலையும் 'சதுரகராதி'யையும் தமிழுக்கு அளித்தவர்.

ஏடும் எழுத்தாணியுமாக அமர்ந்து வேற்று மொழியைக் கற்ற அவர்களுக்கு, 'இத்தாலி மீடியம்' என்று எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தமக்குத் தெரிந்த மொழியின் இலக்கணத்தைக் கைவிளக்காகக் கொண்டே தெரியாத மொழிக்குள் அவர்கள் நுழைந்தனர். நம் பிள்ளைகளுக்கும் அதுவே வழி. தமிழ் இலக்கணம் நன்கறிந்த பிள்ளைக்கு ஆங்கில இலக்கணம் எளிதாகும். தமிழ்வழிக் கல்வி தடையன்று. தமிழையும் அரைகுறையாக விட்டுவிடுவதே தடை.

இல்லங்களில் செய்யத்தக்கவை

பெற்றோருக்குச் சில வேண்டுகோள்கள். பிள்ளை பிழையாகப் பேசும்போது நகைக்காதீர்கள். நகைப்புக்கு அஞ்சும் நா மௌனத்தையே கற்றுக்கொள்ளும். 'ஐ டிட் நாட் வென்ட்' என்று பிள்ளை சொன்னால், 'ஓ, யூ டிட் நாட் கோ?' என்று செம்மையான வடிவத்தை இயல்பாகத் திருப்பிச் சொல்லுங்கள். அதுவே திருத்தம்.

இரவுச் செபத்துக்குப் பின் நாள்தோறும் ஐந்தே வரிகள் ஆங்கிலத்தில் எழுதச் செய்யுங்கள். இரண்டு வரிகள் நேற்று நடந்ததைப் பற்றி. அவற்றில் 'ஹேவ்' வரக்கூடாது. இரண்டு வரிகள் நெடுநாளாக இருந்துவருவதைப் பற்றி. அவற்றில் 'ஹேவ் பீன்' வர வேண்டும். ஒரு வரி நாள்தோறும் செய்வதைப் பற்றி. அதில் 'இங்' வரக்கூடாது. ஒரு தவக்காலம் முழுவதும் இதைச் செய்து பாருங்கள். பன்னிரண்டு வாய்பாடுகளை ஒப்பித்துக் கிடைக்காத பழக்கம் கைவரும்.

ஐயம் எழும்போது, முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நாளாக' என்று சொல்கிறேனா, 'நாள்' என்று சொல்கிறேனா? 'முதல்' என்கிறேனா? கிடந்ததா, கிடத்தினாரா? நடந்த செய்தியைக் கூறுகிறேனா, நடக்க வேண்டும் என்று வேண்டுகிறேனா? விடையில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

அந்தச் செவிலிப் பெண் அடுத்த நான்கு ஞாயிறுகளும் தாளோடு வந்தாள். நான்காம் ஞாயிறு அவள் கொண்டுவந்த தாளில் நான் திருத்துவதற்கு ஓர் எழுத்துப்பிழை மட்டுமே இருந்தது. தாயும் உடன் வந்திருந்தார். தாளை மடித்துக்கொண்டே மகள், "அம்மாவுக்கும் புரிந்துவிட்டது சார். 'நாளாக' என்று சொன்னால் காய்ச்சல் இன்னும் இருக்கிறது என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள்" என்றாள். தாய் நாணத்தோடு சிரித்தார். 'இங்கிலீஷ் வராது' என்னும் சொல் அன்று அவர் வாயிலிருந்து வரவில்லை.

விடைபெறும்போது அப்பெண் "குட்பை சார்" என்றாள். அச்சொல்லும் ஒரு வியங்கோளே என்று அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். 'கடவுள் உம்மோடு இருப்பாராக' என்னும் பொருளுடைய 'காட் பீ வித் யீ' என்னும் பழைய ஆங்கிலத் தொடரே காலப்போக்கில் தேய்ந்து சுருங்கி 'குட்பை' ஆயிற்று. நாள்தோறும் கோடிக்கணக்கான மக்கள் அதை ஒரு செபம் என்று அறியாமலே சொல்லிப் பிரிகிறார்கள்.

அறிந்து சொல்வோம் நாம். வாசகர்களே, குட்பை!